வேலையை விடும் தாய்மார்கள்

நிறுவன வேலையை விட்டு வீட்டிலேயே தொழில் தொடங்கும் தாய்மார்கள் பெருகுகிறார்கள். பாராட்டுவோம். ஆனால் அவர்களில் எத்தனை பேர் விரும்பி வந்தார்கள், எத்தனை பேர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பு தந்தது. 50 பேராவது பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. சிறு நிறுவனங்கள் பல ஒரே கட்டடத்தில் இயங்கினால் இந்த வரம்பு எவரையும் கட்டுப்படுத்தாது. 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் திறந்த மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு காப்பகம் இருந்தாக வேண்டும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்கு முகமை அலுவலகங்களுக்கும் அப்படியே.

வீட்டுத் தொழிலும் எளிதல்ல. நம்மூர்த் தூத்துக்குடி இனிப்பான மக்ரூனையே பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் கலந்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வேகவைக்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் பட்டால் நமுத்துப்போகும். மொத்தச் சரக்கும் நட்டம். இதற்கு நல்ல அடுப்பு வேண்டும், காற்றுப் புகாத பொட்டலம் வேண்டும், கையில் முதலும் வேண்டும். சிறுதொழில்களுக்கான பிணையில்லா முத்ரா கடன் 2015 முதல் இருக்கிறது. சமையலறையில் நடப்பதும் தொழிலே என்று வங்கிகள் ஏற்று, அந்தக் கடனை இவர்களுக்குத் தயங்காமல் தர வேண்டும்.