காவலர் சாட்சியை நிறுக்குமாறு

எங்கள் மேச்சேரிப் பக்கத்தில் ஆடு கொள்வோர் விற்பவனுடைய தலைப்பாகையைப் பார்த்து விலை பேசுவதில்லை. ஆட்டின் வாயைத் திறந்து, பல்லைப் பார்த்தே அதன் வயதைத் துணிவர். எளிய குடியானவரும் அறிந்த இம்முறை, நீதிமன்றத்தில் போலீஸார் கூறும் சாட்சிக்கும் பொருந்தும் என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

அரசாங்க உடை தரித்தவர் பொய் உரையார் என்பர் ஒரு சாரார். போலீஸார் கூறுவன அனைத்தும் புனைவே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரும் பல்லைப் பாராது தலைப்பாகையைப் பார்ப்பவரே யாவர்.

மேல்முறையீட்டில் இவ்வாராய்ச்சி பின்னும் அரியதாகின்றது. முதலில் விசாரித்த நீதிபதி சாட்சியின் முகத்தைக் கண்டார். குரலின் தடுமாற்றத்தைக் கேட்டார். மேல் நீதிபதியின் முன் இருப்பதோ பெரும்பாலும் எழுத்து மாத்திரமே. அவருக்கு வழிகாட்டியாவது, சென்னை இராஜ்யத்திலிருந்து சென்ற வடிவேலு தேவர் வழக்கில் 1957ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பு. முற்றும் நம்பத்தக்கவர், முற்றும் நம்பத்தகாதவர், இடைப்பட்டவர் எனச் சாட்சிகளை அவர்கள் மூவகைப்படுத்தினர். முதல் வகையாயின் ஒருவர் சொல்லே போதும். இடைப்பட்டவர்க்கே வேறோர் ஆதாரத்தின் துணை வேண்டும். சாட்சிகளை எண்ணலாகாது, நிறுக்கவேண்டும் என்பதே இதன் கருத்து. நாபோத்தின்மேல் குற்றஞ்சாட்டினோர் இருவர். எண்ணிக்கை நிறைந்தது, உண்மை நிறையவில்லை.

தில்லியில் ஒரு சிறுமி கொலையுண்ட வழக்கில், பொருளைக் கைப்பற்றிய பத்திரத்தில் பொதுமக்கள் கையொப்பம் இல்லை என்பதையும் காரணமாகக் கொண்டு ஹைகோர்ட்டார் எதிரியை விடுவித்தனர். 2000ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் அவ்விடுதலையை நீக்கி, போலீஸார் செயலைத் தொடக்கத்திலேயே ஐயத்துடன் நோக்குவது பழமைப்பட்ட எண்ணம் என்றனர். அது நேரிய உரையே.

ஆயினும் 2020 ஜூன் 19ஆம் நாள் சாத்தான்குளத்தில் நிகழ்ந்ததை மறத்தல் ஆகுமோ? பிடிபட்ட தந்தையும் மகனும் தாமே தரையில் உருண்டு காயமுற்றனர் என்று போலீஸ் பதிவு கூறிற்று. அருகிருந்த கடையின் காமிராப் படமோ அத்தகைய பூசல் எதனையும் காட்டவில்லை. இருவரும் ஜூன் 22, 23ஆம் நாட்களில் இறந்தனர். நிலையத்துக் காமிராப் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தமையை விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டார். அவ்விருவரும் இரவெல்லாம் அடிக்கப்பட்டனர் என்று அவரிடம் உரைத்தவர் அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலரே. பொய்ப் பதிவும் மெய்ச் சாட்சியும் ஒரே காக்கி உடையினின்று வந்தன. உடையைக் கொண்டு ஒன்றும் துணிதற்கில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவ்வாண்டு டிசம்பரில், எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா வைத்துப் படங்களைப் 18 மாதம் காக்க முயலவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் ஆணையிட்டனர். அப்படங்கள் இருப்பது போலீஸார் கையிலேயே. ஆகவே, தக்க காரணமின்றி அவை காணாமற் போகுமாயின், அந்நிலையத்தில் நிகழ்ந்ததைப் பற்றிக் கூறும் காவலரை முதல் வகையினின்று இடைப்பட்ட வகைக்கு இறக்குதலே முறை என்பது எமது துணிபு. இதனால் குற்றவாளிகள் தப்புவரே எனின், அற்றன்று. யாம் கேட்பது விடுதலையன்று. வேறோர் ஆதாரத்தின் துணையே. மெய் உரைக்கும் காவலர்க்கு அத்துணை அரிதன்று.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய பாடமுமன்று. கோவலன் தோற்றம் கள்வனுடையதன்று எனக் காவலருள்ளும் சிலர் ஐயுற்றனர். எனினும் பொற்கொல்லன் சொல்லே வென்றது. சிலம்பு அப்போதும் அங்கேயே இருந்தது. அதன் பரல் முத்தோ மாணிக்கமோ என்று பார்ப்பார் இலர். கண்ணகி அதனை உடைத்துக் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது. கோவலன் உயிர் மீளவில்லை. சிலம்பை முன்னரே சோதிப்பதன்றோ நீதி?