பகலில் ஒரு விலை, இரவில் ஒரு விலை!

மல்லிகைப் பூவுக்குக் காலையில் ஒரு விலை. மாலையில் ஒரு விலை. மின்சாரத்துக்கும் அப்படி விலை வைக்கலாமா?

வைக்கலாம் என்கிறது மத்திய சர்க்கார். 2023 ஜூன் மாதத்தில் அதற்கு விதி போட்டது. "ஸ்மார்ட் மீட்டர்" என்னும் நேரம் காட்டும் மீட்டர் வைத்த வீடுகளுக்கு அது பொருந்தும். வெயில் அடிக்கும் 8 மணி நேரத்துக்குக் கட்டணம் 20 சதவிகிதமாவது குறைய வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் மின்சாரம் இழுக்கும் உச்ச நேரத்தில், வீடுகளுக்கு 10 சதவிகிதமாவது கூட வேண்டும். எது வெயில் நேரம், எது உச்ச நேரம் என்பதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சொல்லும்.

ஏன் இந்த வித்தியாசம்?

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். மின்சாரம் பிறப்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வருகிறது. ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்புக்கு இறங்குகிறது. அங்கே இயந்திரச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பாய்ந்து வயலை நனைக்கிறது. 1950-களின் கடைசியிலிருந்து இந்த மின்நிலையம் நடக்கிறது. ஆனால், அணையில் தண்ணீர் திறந்தால்தான் மின்சாரம்.

ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் இருக்கின்றன. ஆனி, ஆடியில் பேய்ச் சுற்று சுற்றும். காற்று விழுந்தால் நின்றுவிடும். சூரிய மின்சாரமோ உச்சிப் பொழுதில் கொட்டும். பொழுது சாய்ந்தால் பூஜ்யம்!

நாம் விளக்குப் போடுவது எப்போது? பொழுது சாய்ந்த பிறகுதான். டி.வி., மின்விசிறி, மோட்டார், கிரைண்டர் எல்லாம் சேர்ந்து இழுக்கும் நேரமும் அதுதான். அப்போது நிலக்கரியை எரிக்க வேண்டும். போதாவிட்டால் வெளியே விலைக்கு வாங்க வேண்டும். ஆகவே பகலில் மலிவு, மாலையில் கிராக்கி என்பதில் நியாயம் இருக்கிறது.

உழைப்பவளுக்கு அபராதமா?

ஆனால் ஒரு கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ பெண்கள் விடிவதற்குள் சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏறுகிறார்கள். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மோட்டார் போடுவது, மாவு ஆட்டுவது, பிள்ளைகளின் சட்டைக்கு இஸ்திரி போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"பகல் 12 மணிக்கு மாவு ஆட்டம்மா, கட்டணம் குறைவு" என்று அவளிடம் சொன்னால் என்ன சொல்வாள்? "ஆட்டுவதற்கு ஆளும் அனுப்புவீர்களா?" என்றுதான் கேட்பாள்.

பகலில் வீட்டில் ஆள் இருந்தால் சலுகை. தானே ஓடி தானே நிற்கும் சலவை இயந்திரம் இருந்தாலும் சலுகை. கூலிக்குப் போகிறவளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம்! இது சரியில்லை. பகல் சலுகையை எல்லோருக்கும் கொடுக்கட்டும். மாலைக் கூடுதலைச் சின்ன வீடுகளின் தலையில் கட்ட வேண்டாம். ராத்திரி முழுவதும் குளிர்சாதனம் ஓடும் வீடுகளோடு அது நிற்கட்டும். மத்திய விதி இதற்கு இடம் கொடுக்காவிட்டால், விதியைத் திருத்த வேண்டும்.

தொகை எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். 1 குதிரை சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய முக்கால் யூனிட். தினமும் ஒரு மணி நேரம் என்றால், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200 ரூபாய்ச் சொச்சம். பகலுக்கு மாற்றினால் 40 ரூபாய் மிச்சம். மாலையில் ஓட்டினால் 20 ரூபாய் கூடுதல். ஆக, 60 ரூபாய் வித்தியாசம். கூலிக்காரக் குடும்பத்துக்கு அதுவும் பணம்தான்.

ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

மணி தெரியாத மீட்டர் உள்ள வீடுகளில் இந்தப் பகல், இரவுக் கணக்கு செல்லாது. அங்கே மொத்த யூனிட்தான் கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படிச் சலுகை பறிபோகிறது. அதனால் அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் ஏறியது. படி போகவில்லை.

500 யூனிட் என்றால் நாளுக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 45-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். 375 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால் எல்லை தாண்டப் போகிறது என்று அர்த்தம். மீதி 15 நாளைக்கு வெந்நீர் ஹீட்டருக்கு லீவு கொடுங்கள். 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும்.