லெவலர் ஓட்டுற தம்பிக்கு அந்த இருபது நிமிஷத்தைக் கொடுங்கள்



கோடை உழவு நடக்கிற நேரம். வயலை மட்டம் பண்ண டிராக்டர் பிடிக்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒரு சின்னக் கணக்கில் கோட்டை விட்ட கதை இது.

எங்களுக்குக் கடைமடையில் அரை ஏக்கர் நிலம். போன வருஷம் லெவலர் ஓட்ட ஒரு வண்டி பிடித்தேன். மணிக்கணக்கு வாடகை. பேரம் பேசி மணிக்கு 100 ரூபாய் குறைத்தேன். வண்டி வந்ததும் டிரைவர் இறங்கிப் பின்னால் போய் எதையோ திருக ஆரம்பித்தார். நான் வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். "தம்பி, நேரம் ஓடுதுப்பா. ஏறி ஓட்டு" என்றேன். அவரும் ஒன்றும் பேசாமல் ஏறி ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பார்க்க வயல் பளிச்சென்றுதான் இருந்தது.

தண்ணீர் கட்டிய அன்றைக்குத்தான் வண்டவாளம் தெரிந்தது. ஒரு மூலையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். எதிர் மூலையில் மண் திட்டு. நடுவில் அலை அலையாக மேடும் பள்ளமும். பள்ளத்தில் நட்ட நாற்று மூழ்கி அழுகியது. மேட்டில் தண்ணீர் நிற்காததால் கோரை மண்டியது. இரண்டு தடவை கூடுதலாகக் களை எடுத்தோம். குறைத்து வாங்கிய அந்த 100 ரூபாய் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த டிரைவரைப் பற்றி நாலு பேரிடம் குறை சொன்னேன். இன்றைக்குச் சொல்கிறேன், தப்பு என்னுடையது.

இந்த வருஷம் வந்தவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். அவர் கொண்டு வந்தது வெறும் பலகை இல்லை. பெட்டி போல இரண்டு பக்கமும் தகடு அடைத்து, முன்னும் பின்னும் வெட்டும் தகடு வைத்த லெவலர். மண்ணைக் கிளற முன்னால் பற்களும் உண்டு. "சார், கொஞ்சம் பொறுங்க. இதை செட் பண்ணாம ஓட்டினா வயலைக் கெடுத்துருவேன்" என்றார். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் பின் சக்கரம் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றில் குறைந்தால் வண்டியோடு லெவலரும் சாயும். அடுத்து, கெட்டியான சமதளத்தில் நிறுத்தி லெவலரை இறக்கினார். வலது பக்கத் தூக்கு கம்பியில் இருக்கும் திருகைச் சுற்றி, இடமும் வலமும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்தார். இது சரியில்லையென்றால் ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் தடவும்.

மூன்றாவதாக டாப் லிங்க். டிராக்டரையும் லெவலரையும் மேலே இணைக்கும் கம்பிதான் அது. அதைக் குறுக்கினால் லெவலரின் முன்பக்கம் சாய்ந்து மண்ணைக் கடிக்கும். நீட்டினால் பின்பக்கம் உட்கார்ந்து மண்ணைப் பரத்தித் தடவிவிடும். மேட்டை வெட்டும்போது ஒரு வைப்பு, கடைசியாக மெழுகும்போது வேறு வைப்பு. நடுவில் இறங்கி ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று மாற்ற வேண்டும். போன வருஷம் நான் இறங்க விடாதது இதற்காகத்தான்.

நான்காவது, லிவர். உழவுக்கு வைக்கிற வைப்பில் இழுவை அதிகமானால் ஹைட்ராலிக் தானாகக் கருவியைத் தூக்கிக்கொடுக்கும். கலப்பைக்கு அது வரம். லெவலருக்கு அது சாபம். மேடு வந்தால் இழுவை கூடும், உடனே லெவலர் தூக்கிக்கொள்ளும், மேடு அப்படியே நிற்கும். அதனால் உயரத்தைப் பிடித்து வைக்கும் லிவரில்தான் ஓட்ட வேண்டும்.

அலை ஏன் வருகிறது என்றும் கேட்டேன். முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்னால் இருக்கும் லெவலர் இறங்கிப் பள்ளம் பறிக்கும். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது லெவலர் தூக்கும். வேகமாக ஓட்டினால் டிரைவர் லிவரைச் சரிசெய்வதற்குள் அடுத்த அலை விழுந்துவிடும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, பிறகு குறுக்கே ஓட்ட வேண்டும். மணிக்கணக்கு பார்க்கும் முதலாளி வரப்பில் நின்றால் எந்த டிரைவர் மெதுவாக ஓட்டுவார்?

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை வாங்கிப் பத்து இடத்தில் குச்சி நட்டு மட்டம் பார்த்தேன். ஓட்டுவதற்கு முன் உயரமான இடத்துக்கும் தாழ்வான இடத்துக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம். மேட்டிலும் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் சராசரியாக 6 சென்டிமீட்டர் தண்ணீரைப் பள்ளங்களை நிரப்பவே கொட்ட வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 40,000 லிட்டருக்கு மேல். என் அரை ஏக்கருக்கு 6 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1,20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்து லாரி! முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிற கடைமடைக்காரனுக்கு இது சின்ன விஷயமா? திருந்திய நெல் சாகுபடியில் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் போதும் என்கிறார்கள். 12 சென்டிமீட்டர் மேடு பள்ளமுள்ள வயலில் அதை எந்த இடத்தில் அளப்பது?

ஓட்டி முடித்த பிறகு வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்குள் வந்தது. செட் பண்ண 20 நிமிஷம், நடுவில் இறங்கி மாற்றியது ஒரு 10 நிமிஷம். அந்த அரை மணியை அவர் வாடகையில் சேர்க்கவில்லை. "அது எங்க வேலை சார்" என்றார். நான் சேர்த்தே கொடுத்தேன். வேலை என்றால் அதற்குக் கூலியும் உண்டுதானே?

அப்படியானால் மணிக்கணக்கை விட்டுவிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசலாமே என்பார்கள். அதிலும் சிக்கல் இருக்கிறது. மணிக்கணக்கில் நமக்கு அவசரம், ஏக்கர் கணக்கில் அவருக்கு அவசரம். இரண்டிலும் கெடுவது வயல்தான். லேசர் லெவலர் வந்துவிட்டதே என்றும் சொல்வார்கள். நல்ல கருவி, மறுக்கவில்லை. கதிரைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்கும். ஆனால் நாலு வரப்பு தாண்டி உள்ளே இருக்கும் துண்டு நிலத்துக்கு அது எல்லா ஊரிலும் வந்துவிடுவதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டிதான் வரும்.

அதனால் நான் சொல்வது இதுதான். மணிக்கணக்கே இருக்கட்டும். செட் பண்ணும் நேரத்தையும் வேலை நேரமாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வண்டி வருவதற்கு முந்தின நாள் டியூப் வைத்து மட்டம் பார்த்து, மேடு எது, பள்ளம் எது என்று குச்சி நட்டுக் காட்டுங்கள். நிலத்தை முதலில் உழுது வையுங்கள். முடிந்ததும் அதே குச்சிகளில் மறுபடி அளந்து பார்த்துப் பணம் கொடுங்கள். மேடு மிக உயரமாக இருந்தால் ஒரே வருஷத்தில் வெட்டித் தள்ளாதீர்கள். மேல்மண் போய்விட்டால் அந்த இடத்தில் பயிர் சோர்ந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

விடைத்தாள் திருத்தும்போது விடை தப்பானாலும் வழிமுறைக்கு மார்க் போட்டவன் நான். வயலில் மட்டும் வழிமுறையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். போன வருஷ டிரைவரை நேரில் பார்த்து வருத்தம் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே, "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார்.

அந்த 'எல்லாரும்' நாம்தான். உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள்.