விலங்கு மாட்டிய சவாரி

சிவகாசியில் ஒரு லாரி செட்டுக்குப் போய், "அண்ணாச்சி, நாலு பெட்டி இருக்கிறது, உள்ளே என்னவென்று கேட்காமல் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கிளார்க் முதலில் பெட்டியைப் பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார், அதன் பிறகு வாசலைக் காட்டுவார். பட்டாசு ஏற்றும் வண்டிக்கு விதிகள் உண்டு. 'நான் வெறும் வண்டிக்காரன், எனக்கென்ன தெரியும்?' என்ற பேச்சு விருதுநகர் ஜில்லாவில் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் எடுபடாது.

சரக்கு மனிதனாக இருந்தால் மட்டும் எடுபடுமாம்!

அமெரிக்க மத்திய சர்க்கார் தான் நாடு கடத்தும் ஜனங்களைக் கூலிக்கு அமர்த்திய தனியார் விமானங்களில் அனுப்புகிறது. 2025-ல் அவெலோ என்ற கம்பெனி அந்தக் காண்டிராக்டை எடுத்தது. அது தொழில் நடத்தும் கனெக்டிகட் ராஜ்யத்தின் தலைமை வக்கீல் வில்லியம் டாங் ஒரு கடிதம் எழுதினார். செல்லுபடியாகும் உத்தரவு இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை, கோர்ட்டுத் தடையை மீறிப் பறப்பதில்லை, வன்முறை செய்யாத பிரயாணிக்கு விலங்கு மாட்டி, ஆபத்தில் தப்ப வழியில்லாமல் கொண்டுபோவதில்லை என்று உறுதி தரச் சொன்னார். கம்பெனியின் வரிச் சலுகையை நிறுத்தலாமா என்ற பேச்சும் எழுந்தது. 2026 ஜனவரியில் கம்பெனி அந்த வேலையை விடுவதாக அறிவித்தது. மனச்சாட்சி உறுத்திற்று என்று எண்ணிவிடாதீர்கள். போதிய வருமானம் நிச்சயமில்லை என்பதுதான் காரணம்.

மத்திய சர்க்காரின் வேலையைச் செய்கிறவனை ஒரு ராஜ்யம் மிரட்டலாமா என்று சட்டம் படித்தவர்கள் கேட்கிறார்கள். சர்க்கார் கம்பெனிக்குக் கட்டளையா போட்டது? கூலி பேசிற்று, கம்பெனி கையெழுத்துப் போட்டது. கூலி வாங்குகிறவன் கேள்விக்கும் பதில் சொல்லட்டுமே! அதிலும் விலங்கைப் பற்றிய கேள்வியைச் சிவகாசிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். மருந்து அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைப்பது காற்றுக்காகவா? தீப்பிடித்தால் ஓடுவதற்கு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கால் விலங்கோடு இருப்பவனுக்கு விமானத்தில் எத்தனை வாசல் இருந்து என்ன பயன்?

இன்னொரு வேடிக்கை. கம்பெனிகளைச் சட்டத்தால் நெருக்குவது சர்க்கார்களுக்குப் புதிதல்ல. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், அடைக்கலம் கேட்டு வந்த இலங்கைத் தமிழர்களைத் திருப்பி விமானம் ஏற்ற முயன்றபோது, அவர்கள் உடைகளைக் களைந்து மறுப்புத் தெரிவித்தார்கள். அடுத்த மாதமே புதுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. யாருக்கு எதிராக? சரியான தஸ்தாவேஜு இல்லாத பிரயாணியை ஏற்றி வரும் கம்பெனிக்கு எதிராக. தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம்! டிக்கெட் கொடுக்கும் பெண் அன்று முதல் பிரிட்டனின் எல்லைக் காவலாளியானாள். உயிருக்குப் பயந்தவனைக் கொண்டுவந்தால் அபராதம். அவனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டால் வாடகை! 1988-ல் பிரிட்டன் திருப்பியனுப்பிய ஐந்து தமிழர்களுக்கு அடைக்கலம் கொடுத்திருக்க வேண்டுமென்று 1989-ல் அப்பீலில் தீர்ப்பாயிற்று. அவர்கள் மறுபடி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் பட்டதற்கு எந்தக் கம்பெனி ஜவாப் சொல்லிற்று?

2010-ல் அங்கோலாக்காரரான ஜிம்மி முபெங்கா, புறப்படவிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், தனியார் கம்பெனிக் காவலர்கள் பிடித்து அமுக்கியதில் இறந்தார். சட்ட விரோதக் கொலை என்றது மரண விசாரணை ஜூரி. காவலர்கள் மூவரையும் 2014-ல் வேறொரு ஜூரி விடுதலை செய்தது.

இது நமக்கு எட்டாத சங்கதியல்ல. விருதுநகருக்குப் பக்கத்தில் குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2025 மே மாதம், வேறொரு தமிழ்நாட்டு முகாமிலிருந்து தாமாகவே ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். விரும்பிப் போனவருக்கே அந்த வரவேற்பு. நாளைக்கு விரும்பாதவர்களை ஏற்றிப்போக ஒரு கம்பெனி டெண்டர் எடுக்குமானால், சென்னை சர்க்கார் அதன் முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வில்லியம் டாங் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். தமிழில் பெயர்த்து, முத்திரை குத்தி அனுப்ப வேண்டியதுதான்.