75 என்பது ஃபில்டர் அளவு அல்ல

போன மாதம் என் பேரன், காலமான என் அண்ணனின் ரோலிகார்டு காமிராவை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனான். கறுப்பு வெள்ளை ரோல் போட்டிருந்தான். படத்தில் மேகம் எடுப்பாகத் தெரிய மஞ்சள் ஃபில்டர் வேண்டுமாம். கடைக்காரர் லென்ஸின் முகப்பைப் பார்த்தார். 3.5, 75 என்று எழுதியிருந்தது. "75 தானே தம்பி, 77 ஃபில்டர் வாங்கி ரிங் போட்டுக்கோ" என்றிருக்கிறார். ரிங் கைவசம் இல்லாததால், ஏதோ ஒரு சின்ன மரை ஃபில்டரை வைத்து அழுத்தித் திருகியும் பார்த்திருக்கிறார். காமிரா வீடு திரும்பியபோது லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு உதடு நெளிந்திருந்தது.

அண்ணன் அந்தக் காமிராவில் ஊரார் கல்யாணங்களைப் படம் எடுத்துத்தான் எங்கள் தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பேரனைக் கோபிக்கவில்லை. அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் சுட்டது. "பழைய காமிராவுக்கெல்லாம் ஒழுங்கான அளவே கிடையாதாம் தாத்தா. கிடைச்சதை மாட்டிக்கணுமாம்."

இது பச்சைப் பொய். பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக 34 வருஷம் வெர்னியர் பிடித்தவன் சொல்கிறேன். ஒழுங்கு இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் இல்லை என்கிறார்கள்.

முதலில் அந்த 75. அது லென்ஸின் குவிதூரம். ஃபில்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அண்ணனுடைய ரோலிகார்டு 5பி-யில் 3.5, 75 என்று இருக்கிறது. ரோலிஃபிளக்ஸ் 3.5எஃப்-இலும் அதே 3.5, அதே 75 தான். முதலாவதற்கு பே 1 ஃபில்டர், இரண்டாவதற்கு பே 2. ஒன்று மற்றதில் ஏறாது.

80 என்று எழுதிய லென்ஸ்களைப் பாருங்கள். யாஷிகா மேட் 124ஜி-க்கு பே 1. ரோலிஃபிளக்ஸ் 2.8எஃப்-க்கு பே 3. ஹாசல்பிளாட்டின் பழைய சி வகை 80-க்கு பி50. பின்னால் வந்த சிஎஃப் வகைக்கு பி60. பென்டகான் சிக்ஸின் பயோமெட்டாருக்கு 58 மி.மீ. மரை. முகப்பில் ஒரே எண், ஃபில்டரோ ஐந்து விதம். அந்த எண்ணைப் பார்த்து விற்பவரை என்ன சொல்வது?

அடுத்தது, மரையா பேயோனெட்டா என்று பார்க்காத அவசரம். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பை ஹோல்டரில் செருகிச் சற்றே திருப்புவோமே, அதுதான் பேயோனெட். மேலே சொன்ன ரோலி, யாஷிகாவெல்லாம் அந்த ஜாதி. உள்பக்க உதட்டில் ஃபில்டர், வெளிப்பக்க உதட்டில் ஹூட். அதில் மரை ஃபில்டரைத் திருகுவது, பல்பு ஹோல்டரில் போல்ட்டை முறுக்குவதற்குச் சமம்.

மரை உள்ள லென்ஸ் என்றால் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியைத் தேடுங்கள். பக்கத்தில் இருக்கும் எண்தான் ஃபில்டர் அளவு. குறி இல்லையா? உள்விட்டத்தை அளங்கள். 49 மி.மீ. லென்ஸ் 48-க்குச் சற்று மேல்தான் காட்டும், ஏனென்றால் நாம் அளப்பது மரையின் மேட்டை. ஃபில்டரின் மரை பள்ளம் வரை இறங்கும். அதனால் கிடைத்த எண்ணுக்கு அடுத்த பெரிய அளவு.

"எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய ஃபில்டர், மீதியை ரிங் பார்த்துக்கொள்ளும்" என்பவர்களும் உண்டு. ஒற்றை லென்ஸ் காமிராவுக்கு அது நியாயமான யோசனை, மறுக்கவில்லை. இரட்டை லென்ஸ் காமிராவில் என்ன ஆகும்? படம் எடுப்பது கீழ் லென்ஸ், நாம் பார்ப்பது மேல் லென்ஸ். கீழே 77 மி.மீ. தட்டை மாட்டினால் மேல் கண்ணை மறைத்துவிடும். சரியான ஃபில்டரே போட்டாலும் மேலே பார்க்கும்போது மஞ்சள் தெரியாது. ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்ட வேண்டும் என்பதை நாமேதான் நினைவில் வைக்க வேண்டும்.

"ஃபில்டர் எதற்கு, பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்யலாமே" என்கிறார் பக்கத்து வீட்டு நண்பர். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நிறம் பதிவாவதில்லை ஐயா. நீல வானமும் வெள்ளை மேகமும் ஒரே வெளுப்பாக விழுந்துவிட்டால், எந்தக் கம்ப்யூட்டர் எதை நீலம் என்று கண்டுபிடிக்கும்?

நெளிந்த உதட்டை இரண்டு நாள் உட்கார்ந்து, மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். பே 1 மஞ்சள் ஃபில்டர் ஒன்றை, அண்ணனின் பழைய தொழில் நண்பர் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "டக்"கென்று உட்கார்ந்தது. பேரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு காமிரா இருக்கும். இறக்கித் துடைத்து, அதன் ஃபில்டர் அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தோல் உறைக்குள் வையுங்கள். நாம் சொல்லாமல் போனால், கடைக்காரர் சொல்வதுதான் பேரப்பிள்ளைகளுக்கு வேதம்.