சுவரில் அருவி, தெருவில் குழி

காக்ஸ் டவுனில் நான் அன்றாடம் கடந்து செல்லும் மதிற்சுவர் ஒன்றில் அருவி வரையப்பட்டிருக்கிறது. அதன் அடியில் நடைபாதைக் கல் பெயர்ந்து, சாக்கடை வாய் பிளந்து கிடக்கிறது. கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் சாக்கடையை விலக்கிவிட்டு அருவியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நகரத்தை 'அழகுபடுத்துதல்' என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது.

2009-இல் பெங்களூரு மாநகராட்சி, சுவரொட்டிகளைத் தடுக்கவும் நகரை அழகாக்கவும் திரைப்பட பேனர் ஓவியர்களை அமர்த்திப் பொதுச்சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தது. ஃப்ளெக்ஸ் அச்சு வந்தபின் பிழைப்பிழந்த கலைஞர்கள் அவர்கள். ஹம்பியின் கல்தேர், அருவி, காட்டு விலங்கு எனச் சுவர்கள் நிறைந்தன. அவர்களின் கைத்திறனில் குறையேதும் இல்லை. வரையச் சொன்னவர்கள் எதை வரையச் சொன்னார்கள் என்பதே என் கேள்வி.

தமிழ் இலக்கணம் 'அ' என்பதைச் சேய்மைச் சுட்டு என்றும், 'இ' என்பதை அண்மைச் சுட்டு என்றும் பிரிக்கிறது. அழகுபடுத்தும் ஓவியம் முழுக்கச் சேய்மைச் சுட்டு. 'அதோ ஹம்பி, அதோ காடு' என்று காட்டி, காலடியில் கிடப்பதிலிருந்து நம் கண்ணைத் திருப்புகிறது.

இதே நகரில் அண்மைச் சுட்டில் வரைபவர் பாதல் நஞ்சுண்டசாமி. மைசூரில் ஓவியம் பயின்றவர். திறந்து கிடந்த சாக்கடைக் குழியை எமனின் வாயாக்கினார். 2015-இல் சுல்தான்பாளையத்தில் நீர் தேங்கிய சாலைக் குழியில் முதலை பொம்மையை மிதக்கவிட்டார். 2017-இல் காமராஜ் சாலையின் குழி கடற்கன்னியின் குளமாயிற்று. சந்திரயான்-2 நிலவை நெருங்கிக்கொண்டிருந்த 2019 செப்டம்பரில், விண்வெளி உடையணிந்த நடிகர் ஒருவரைக் குண்டும் குழியுமான தெருவில் நடக்கவிட்டுக் காணொளி எடுத்தார். நிலவின் தரை என்றே பார்த்தவர்கள் நம்பினார்கள், ஆட்டோ ஒன்று குறுக்கே போகும் வரை. இவற்றைப் பெயர்த்துக் கலைக்கூடத்தில் வைத்தால் பொருளற்றுப் போகும். 'இது' என்ற சொல், சுட்டப்படும் பொருள் எதிரே இருக்கும்வரைதான் பேசும்.

'இவையெல்லாம் விளம்பர உத்தி; ஒரு குழி மூடினால் ஆயிரம் குழி மிஞ்சும்' என்று சிலர் எழுதுகிறார்கள். மிஞ்சும்தான். முதலைக் குழியும் நிலவுத் தெருவும் ஊடகங்களில் பரவியபின் விரைந்து சீர்செய்யப்பட்டன. அப்படியானால் ஆளும் பணமும் எப்போதும் இருந்திருக்கின்றன. குடிமகன் மனுவாக எழுதும்போது கேளாத காது, அதே குறை நாடு முழுதும் சிரிக்கும் படமானதும் கேட்கிறது. இதில் வெட்கப்பட வேண்டியவர் ஓவியர் அல்லர்.

தெரு ஓவியத்தைக் கொண்டாடும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை சுவரோவியத்தைப் படம் எடுக்கும்போது சட்டகத்தைச் சற்றே கீழிறக்குங்கள். நடைபாதையும் படத்தில் விழட்டும். ஓவியத்துக்கென நிதி ஒதுக்குவோரிடம், அந்தச் சுவரின் கீழே ஒரு முதியவர் தடுக்கி விழாமல் நடக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியும் என்றால் அருவியை வரையட்டும். நானும் நின்று ரசிப்பேன்.