தொழிற்சாலையில் வார்த்த சுவர்: சிக்கனம் யாருக்கு, கசிவு யாருக்கு?

மழை இறங்கினால் என் அத்தை உடனே கூடத்து மூலையில் விரித்திருக்கும் பாயைச் சுருட்டிவிடுவார். இரண்டு சுவர்கள் சேரும் அந்த இடத்தில்தான் நீர் கசியும். தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு குடும்பம் வாங்கிய மலிவு விலை அடுக்குமாடி வீடு அது. "தோட்டத்துல ஒழுகுனா உங்க மாமா ஏணி வெச்சி தகரத்த அடிச்சிருவாரு. இங்க எதப் போயி அடிக்கிறது?" என்பார்.

அத்தை வீட்டுச் சுவர் செங்கல் அடுக்கிக் கட்டியதல்ல. தொழிற்சாலையில் கான்கிரீட் பலகையாக வார்த்து, லோரியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி நிறுத்தியது. ஐபிஎஸ் எனப்படும் தொழில்மயக் கட்டுமான முறையில் இது ஒரு வகை. எஃகுச் சட்டங்கள், அலுமினிய அச்சில் ஊற்றும் சுவர்கள் போன்றவையும் இதில் அடங்கும். 2008 முதல் அரசாங்கக் கட்டடத் திட்டங்கள் குறைந்தது 70 ஐபிஎஸ் புள்ளிகளைப் பெற வேண்டும் என்பது நிதியமைச்சின் உத்தரவு. ஆகவே, இனி நம்மவர்கள் குடியேறும் வீடுகளில் பல இப்படித்தான் எழும்பும்.

உண்மையான நன்மைகள்

இந்த முறையைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல. கட்டுமான இடத்தில் கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகைகள் சில முறை பயன்பட்டபின் குப்பைக்குப் போகும். தொழிற்சாலையின் எஃகு அச்சோ நூற்றுக்கணக்கான முறை பயன்படும். மணல், சிமெண்டு வீணாவது குறையும். வேலை சீக்கிரம் முடியும். அந்நியத் தொழிலாளர்களை நம்பியிருப்பதும் குறையும்.

ஆனால் சுவர் எங்கே வார்க்கப்பட்டாலும் அதற்குள் இருப்பது சிமெண்டுதான். ஒரு டன் சிமெண்டு தயாரிக்க அரை டன்னுக்கும் அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் துறையினுடையது. கட்டும்போது மிச்சப்படுத்தியது நிலைக்க வேண்டுமானால், கட்டடம் நீண்ட காலம் நிற்க வேண்டும். சீக்கிரம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் அந்தச் சிக்கனம் கணக்கில் நிற்காது.

இரண்டு அடுக்குமாடிகள்

இந்த முறை நமக்குப் புதிதல்ல. 1960களிலேயே கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடி டென்மார்க் முறையிலும், பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி பிரெஞ்சு முறையிலும் கட்டப்பட்டன. பெக்கெலிலிங், மறுமேம்பாட்டுக்காக அரை நூற்றாண்டு வாக்கில் இடிக்கப்பட்டது. ரைஃபிள் ரேஞ்சில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரே காலத்தில், ஒரே வகைத் தொழில்நுட்பத்தில் எழுந்த கட்டடங்கள்தாம் இரண்டும். ஒரு கட்டடத்தின் ஆயுளைக் கட்டும் முறை மட்டும் முடிவு செய்வதில்லை. நிலத்தின் விலையும் பராமரிப்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

பராமரிப்பில் முதலில் பார்க்க வேண்டியது இணைப்புகளைத்தான். இரு சுவர்ப் பலகைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை ரப்பர் போன்ற பசையால் அடைப்பார்கள். நம் வெயிலும் மழையும் அந்தப் பசையைக் காய வைத்து, வெடிக்க வைத்துவிடும். தரத்தைப் பொறுத்து 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் அதை மாற்றியாக வேண்டும். கான்கிரீட் நன்றாக இருக்கும்போதே பசை முடிந்துவிடும். நீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், சுவர் உப்பி உதிரும். இன்னொன்று, இந்தச் சுவர்களில் பல மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்குபவை. அறையைப் பெரிதாக்க ஒரு சுவரை உடைத்தால் மொத்தக் கட்டடத்துக்கும் ஆபத்து.

நாம் என்ன செய்யலாம்?

புதிய வீட்டின் சாவி வாங்கிய 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். வாய்மொழியாகச் சொல்வது போதாது. படத்தோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். எழுத்து மூலம் அறிவித்தால் 30 நாட்களுக்குள் அவர் பழுது பார்க்க வேண்டும்.

அந்தக் காலம் கடந்துவிட்டால், 2013ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டம் துணைக்கு வரும். கூரையில் கசிவு என்று எழுத்தில் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாட்களுக்குள் வந்து சோதிக்க வேண்டும். காரணம் என்ன, யார் சரிசெய்ய வேண்டும் என்று சான்றிதழும் தர வேண்டும். வெளிச்சுவர் பொதுச் சொத்து என்பதால் அதன் இணைப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. வாடகை வீடு என்றால் அந்தப் பொறுப்பு உரிமையாளரான மன்றத்துக்கோ மாநில அரசுக்கோ உரியது.

பணம் எங்கிருந்து வரும்? பராமரிப்புக் கட்டணத்தோடு 10 விழுக்காடு சேமநிதிக்குச் செலுத்துகிறோம். பெரிய பழுதுகளுக்காகச் சேர்ப்பதுதான் அது. ஆனால் பல மலிவு விலை அடுக்குமாடிகளில் பாதிப் பேர் கட்டணம் கட்டுவதில்லை என்று நிர்வாகங்கள் புலம்புகின்றன. பொதுக்கூட்டத்துக்கும் சிலர்தான் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது ஒன்று: இணைப்புப் பசை கடைசியாக எப்போது மாற்றப்பட்டது?

அரசாங்கமும் புள்ளி கொடுப்பதோடு நின்றுவிடக்கூடாது. எந்தச் சுவரை உடைக்கலாம், எதை உடைக்கக்கூடாது, எப்போது எதை மாற்ற வேண்டும் என்ற கையேடு ஒவ்வொரு வீட்டுச் சாவியோடும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வர வேண்டும்.

அத்தையின் அடுக்குமாடியில் அடுத்த மாதம் பொதுக்கூட்டம். இந்த முறை போவதாகச் சொல்லியிருக்கிறார். புகார்க் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.